ஹெவிவெயிட் பட்டம்: யாரை எத்தனை நாள் காக்க வைக்கலாம்?

குத்துச்சண்டை வீரர்களின் ஒப்பந்தங்களைப் படித்து, எதில் கையெழுத்துப் போடலாம், எதில் கூடாது என்று சொல்வது என் வேலை. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் முதலில் கேட்பது, "முன்பணம் எவ்வளவு சார்?" என்றுதான். நான் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுத் தேதிகளைத் தேடுவேன். ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது? எது நடந்தால் நீளும்? வருடத்துக்கு எத்தனை சண்டை? ஏனென்றால் இந்தத் தொழிலில் வீரரைத் தவிர மற்ற எல்லோராலும் காத்திருக்க முடியும். சண்டைகளை ஏற்பாடு செய்து நடத்தும் பிரமோட்டரிடம் வேறு முப்பது பேர் இருப்பார்கள். சாம்பியனுக்குப் பெல்ட்டைத் தரும் அமைப்புக்கு வயதே ஆகாது. வீரருக்கு மட்டும்தான் ஒவ்வொரு வருடமும் கால் கொஞ்சம் மெதுவாகிறது.

பெல்ட் தரும் பெரிய அமைப்புகள் நான்கு: டபிள்யூ.பி.ஏ., டபிள்யூ.பி.சி., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. இவை சண்டையை நடத்துவதில்லை. தரவரிசை போடும், பட்டத்தை அங்கீகரிக்கும், அதற்கு வீரரின் வருமானத்திலிருந்து பொதுவாக 3 சதவீதம் வரை கட்டணம் வாங்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'கட்டாயப் போட்டியாளர்' உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் சாம்பியன் அவரோடு மோதியாக வேண்டும். நான்கு பெல்ட்டும் ஒருவர் இடுப்பில் இருந்தால் நான்கு வரிசைகள் அவர் வாசலில் நிற்கும் என்று அர்த்தம். 1999-இல் லெனாக்ஸ் லூயிஸுக்குப் பிறகு மறுபடி எல்லோரும் ஏற்கும் ஒரே ஹெவிவெயிட் சாம்பியன் வர 2024 மே வரை ஆனது. ரியாத்தில் டைசன் ஃப்யூரியை வென்று அப்படி ஆன உக்ரைன் வீரர் உசிக், ஆறு வாரத்துக்குள் ஐ.பி.எஃப். பெல்ட்டை விட்டுக்கொடுத்தார். ஃப்யூரிக்கே 2015-இல் இதைவிட மோசம். அதுவரை சாம்பியனாக இருந்த கிளிட்ச்கோவை வென்று பதினைந்து நாள்கூட ஆகவில்லை, கட்டாயப் போட்டியாளரை விட்டுவிட்டு அவரோடு மறுசண்டைக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்பதற்காக ஐ.பி.எஃப். பட்டத்தைப் பறித்துவிட்டது.

சரி, விதி அவ்வளவு கறாரா என்றால், அது ஆளைப் பொறுத்தது. பிரிட்டன் ஹெவிவெயிட் வீரர் டில்லியன் வைட்டைக் கேளுங்கள்.

டபிள்யூ.பி.சி. வரிசையில் அவர் ஆயிரம் நாட்களுக்கு மேல் முன்னணியில் இருந்தும் பட்டச் சண்டை கிடைக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு துருப்பிடிக்கும், கையிலும் காசு இருக்காது. அதனால் இடையிடையே மோதிக்கொண்டே இருந்தார். 2020 ஆகஸ்டில் ரஷ்ய வீரர் பொவெட்கினிடம் ஐந்தாவது சுற்றில் விழுந்தார். காத்திருந்த அத்தனை நாளும் அந்த ஒரு குத்தில் போயின. அடுத்த மார்ச்சில் அதே பொவெட்கினை வீழ்த்தி, மறுபடி வரிசையில் ஏறினார். கடைசியில், அப்போது டபிள்யூ.பி.சி. சாம்பியனாக இருந்த ஃப்யூரியோடு அவர் மோதும் சண்டைக்கு 2022 ஜனவரியில் பர்ஸ் ஏலம், அதாவது வீரர்களின் ஊதியத் தொகைக்கான ஏலம், நடந்தது. இரண்டு தரப்பும் பேசி முடிக்காவிட்டால், யார் அதிகத் தொகை எழுதுகிறாரோ அவருக்கே சண்டையை நடத்தும் உரிமை. ஃப்யூரியின் பிரமோட்டர் ஃப்ராங்க் வாரன் 4 கோடியே 10 லட்சத்து 25 ஆயிரம் டாலர் எழுதி ஜெயித்தார்.

தலைப்புச் செய்தியில் வந்தது அந்தத் தொகைதான். இப்போது பிரித்துப் பாருங்கள். 10 சதவீதம் வெற்றி பெறுபவருக்கு என ஒதுக்கப்பட்டது. மீதியில் சாம்பியனுக்கு 80, போட்டியாளருக்கு 20. வைட்டின் பங்கு சுமார் 73 லட்சத்து 84 ஆயிரம் டாலர். வரி, பயிற்சியாளர், மேனேஜர், அமைப்பின் கட்டணம் எல்லாம் அதற்கு அப்புறம். சின்னத் தொகை என்று சொல்லவில்லை. ஆனால் 80-20 என்ற விகிதமே பெரிய தகராறாக இருந்தது; அதை முடிவு செய்தது அமைப்பு. ஏப்ரலில் வெம்ப்ளி அரங்கம் நிரம்பி வழிய, ஆறாவது சுற்றில் ஃப்யூரி கீழிருந்து மேலே விட்ட ஒரே ஒரு குத்தில், ஒரு அப்பர்கட்டில், வைட்டுக்கு எல்லாம் முடிந்தது.

தரவரிசையே காசுக்குக் கைமாறிய காலமும் உண்டு. 1995-இல் ஐ.பி.எஃப். சாம்பியனாக இருந்த 46 வயது ஜார்ஜ் ஃபோர்மேனுக்கு எதிராக ஆக்செல் ஷுல்ஸ் என்ற ஜெர்மானியரை நிறுத்த வேண்டியிருந்தது. அதற்கு ஷுல்ஸ் ஐ.பி.எஃப். பட்டியலில் வர வேண்டும். அந்த அனுமதிக்காக 1 லட்சம் டாலர் கொடுத்ததாகப் பிரமோட்டர் பாப் ஆரம் பிற்பாடு நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். அமைப்பின் தலைவர் ராபர்ட் லீ பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பினாலும், சட்டவிரோதப் பணப் பரிமாற்றம், வரி ஏய்ப்பு போன்றவற்றில் 22 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். பணம் கொடுத்தவர் இன்னொருவரை முந்தினால், முறையாக வரிசையில் நின்றவர் பின்னால் போகிறார். அவர் பெயர் எந்தச் செய்தியிலும் வராது.

இன்னொரு பழைய கணக்கை நான் எல்லா இளம் வீரர்களுக்கும் சொல்வேன். 1986-இல் டிம் விதர்ஸ்பூன் லண்டனில் ஃப்ராங்க் புரூனோவை வென்று டபிள்யூ.பி.ஏ. பட்டத்தைத் தக்கவைத்தார். பேசிய தொகை 5 லட்சம் டாலர். கைக்கு வந்தது 90,094. பிரமோட்டர் டான் கிங், மேனேஜர் அவருடைய வளர்ப்பு மகன் கார்ல் கிங். பேரம் பேச வேண்டிய இருவரும் ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில்! விதர்ஸ்பூன் வழக்குப் போட்டார். 1992-இல் சுமார் 10 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஆறு வருடம், அதுவும் ஒரு ஹெவிவெயிட்டின் உச்ச வருடங்கள்.

இந்த மாதிரிக் கதைகளால்தான் அமெரிக்காவில் 2000-இல் முகமது அலி சட்டம் வந்தது. பெரிய சண்டைகளில் பிரமோட்டருக்கு மேனேஜர் தரப்பில் பணத் தொடர்பு இருக்கக்கூடாது. "என் ஆளோடு மோத வேண்டுமானால் உன் அடுத்த சண்டைகளின் உரிமையை எழுதிக்கொடு" என்று வாங்கும் ஷரத்து 12 மாதத்துக்கு மேல் செல்லாது. பிடித்தங்கள் என்னென்ன என்று பிரமோட்டர் வீரரிடம் காட்ட வேண்டும். தரவரிசையில் சந்தேகம் இருந்தால் அமைப்பிடம் எழுத்தில் விளக்கம் கேட்கலாம். கேட்பவர்கள் மிகக் குறைவு, அது வேறு விஷயம். சண்டை வேறு நாட்டில் நடந்தால் இந்தப் பாதுகாப்பெல்லாம் கூடவே வரும் என்று நம்ப வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் வந்தார். பத்தொன்பது சண்டை, தோல்வி இல்லை. முன்பணம் நன்றாகவே இருந்தது. ஒன்பதாம் பக்கத்தில், அவர் சாம்பியன் ஆனால் பட்டம் இருக்கும்வரை ஒப்பந்தம் தானாக நீளும் என்று இருந்தது. காயத்தால் போன நாட்களும் காலக்கெடுவோடு சேர்ந்துகொள்ளும். நல்லா ஆடினாலும் மாட்டிக்கொள்வார், அடிபட்டாலும் மாட்டிக்கொள்வார். வருடத்துக்கு மூன்று சண்டை 'தர முன்வருவார்' என்று பிரமோட்டரைப் பற்றி எழுதியிருந்தது. 'தருவார்' இல்லை, 'தர முன்வருவார்'. பத்து நாள் இடைவெளியில் தொலைபேசியில் ஒரு எதிராளியின் பெயரைச் சொல்லி, இவர் மறுத்துவிட்டால் மூன்றில் ஒன்று கழிந்தது.

சாம்பியன் நீட்டிப்பைப் பன்னிரண்டு மாதத்தோடு நிறுத்தினோம். ஒவ்வொரு சண்டைக்கும் எட்டு வார முன்னறிவிப்பு கேட்டோம், ஆறுக்கு ஒத்துக்கொண்டார்கள். பதிலுக்கு முன்பணத்தில் கால்வாசியைக் குறைத்துவிட்டார்கள். அவருடைய அப்பா இன்றைக்கும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.