எதன் பக்கத்தில் எது: கை இறுக்கமான வாரத்தின் சாப்பாட்டுக் கணக்கு

ஒரே பணத்துக்கு ஒரே சாமான்களை வாங்கும் இரண்டு வீடுகளில், ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்கு மற்ற வீட்டைவிட இரண்டு மடங்கு இரும்புச்சத்து உடம்பில் சேர முடியும். எதை எதோடு சேர்த்துச் சாப்பிட்டார்கள், எந்த நேரத்தில் சாப்பிட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். கை இறுக்கமாக இருக்கும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல செய்தி ஊட்டச்சத்து அறிவியலில் இல்லை என்று நினைக்கிறேன். இதற்குக் கூடுதல் செலவு மிஞ்சிப்போனால் ஒரு எலுமிச்சம்பழம்.

ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் அம்மா, ஆட்டோ ஓட்டும் அப்பா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இப்படி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ரேஷன் அரிசி 2011 முதல் இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வாரச் சமையலுக்குத் திட்டம் போட உட்காரும்போது முதலில் பார்க்க வேண்டியது கிலோ விலை அல்ல, ஒரு கிராம் புரதம் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதுதான். கணக்கு எளிது. ஒரு கிலோ துவரம்பருப்பில் சுமார் 215 கிராம் புரதம் இருக்கிறது. ரேஷன் விலையில் ஒரு கிராமுக்கு 14 பைசா ஆகிறது. அதே பருப்பைக் கடையில் 140 ரூபாய்க்கு வாங்கினால் 65 பைசா. முட்டை ஒன்று 6 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் இருப்பதும் சுமார் 6 கிராம், ஆக ஒரு ரூபாய். பிள்ளைகள் வளரும் என்று சொல்லி விற்கும் டப்பா மாவுகளுக்கும் இதே கணக்கைப் போடலாம். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணோடு விலையை வைத்து வகுத்துப் பார்த்த பிறகு அதை வாங்க எனக்கு மனசு வராது.

பெரியவர் ஒருவருக்கு, உடல் எடை 60 கிலோ என்றால், நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேண்டும். நாளெல்லாம் சேர்த்து 350 கிராம் அரிசி சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அதிலிருந்தே 28 கிராம் வந்துவிடுகிறது. அரிசியில் புரதம் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, ஆனால் அதில் ஒரு குறை உண்டு, லைசின் என்ற ஒரு பொருள் அதில் போதாது.

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. அதில் ஒன்பதை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில்தான் வர வேண்டும். லைசின் அந்த ஒன்பதில் ஒன்று. கதம்பம் தொடுக்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். மல்லி, மரு, கனகாம்பரம் என்று முறை வைத்துத் தொடுத்துக்கொண்டே போவார். கனகாம்பரம் தீர்ந்துவிட்டால், கூடையில் மல்லி எவ்வளவு கிடந்தாலும் அந்தச் சரம் அதோடு நின்றுவிடும். அரிசிச் சோறு மட்டும் சாப்பிட்டால் உடம்பில் நடப்பதும் இதுதான். லைசின் தீர்ந்ததும் புரதம் கட்டுவது நிற்கிறது. மிச்சமிருக்கும் அமினோ அமிலங்களை உடம்பு சேமித்து வைக்காது, எரித்து விடுகிறது. துவரம்பருப்பு, கொள்ளு, காராமணி, உளுந்து எல்லாவற்றிலும் லைசின் தாராளம். அவற்றில் குறைவது மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலம், அது அரிசியில் போதுமான அளவு உண்டு. அதனால் மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவில், வேகவைப்பதற்கு முன் உள்ள எடையில், இரண்டும் சேரும்போது தனித்தனியே இருந்ததைவிடத் தரமான புரதம் ஆகிவிடுகிறது. ஒரே வாயில் சேர வேண்டும் என்பதில்லை, அந்த நாளுக்குள் சேர்ந்தால் போதும். காலையில் கஞ்சி, மத்தியானம் சாம்பார் என்றாலும் கணக்கு நேராகிவிடும். ஆனால் தண்ணீராக ஓடும் சாம்பாரில் இந்த அளவு வராது. பருப்பு கடைசலில் வரும்.

இங்கே களி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். நம்ம வேலூர், ஆம்பூர் பக்கம் கேழ்வரகு களிக்கு வேர்க்கடலைச் சட்னி ருசியான ஜோடி. விலைக்கும் வேர்க்கடலை நல்ல பொருள்தான், 100 கிராமில் 23 கிராமுக்கு மேல் புரதம் உண்டு. ஆனால் கேழ்வரகிலும் லைசின் குறைவு, வேர்க்கடலையிலும் குறைவு. இரண்டும் சேர்ந்தாலும் அந்தக் குறை அப்படியே நிற்கிறது. களிக்குக் கொள்ளு கடைசலோ, பருப்பு போட்ட கீரையோ, கருவாட்டுக் குழம்போ வைத்தால் குறை தீர்ந்துவிடும். சட்னியும் இருக்கட்டும், கூட இதில் ஒன்று இருக்கட்டும். கேழ்வரகை விட்டுவிடக் கூடாது, ஏனென்றால் 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது, அதே எடை பாலில் 120தான். அந்தக் கால்சியம் முழுசாக உடம்புக்குப் போகாது. தானியத்தின் மேல்தோலில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் கால்சியம், இரும்பு, துத்தநாகம் மூன்றையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாவைக் கரைத்து ராத்திரி முழுக்கப் புளிக்க விட்டால், லேசான புளிப்பில் தானியத்திலேயே உள்ள ஃபைட்டேஸ் என்ற நொதி விழித்துக்கொண்டு ஃபைட்டேட்டை உடைக்கும். ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழ் இப்படிப் புளித்ததுதான். முளைகட்டிக் காயவைத்து அரைத்த மாவிலும் இது நடக்கிறது.

இரும்புச்சத்துதான் இந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியம், ஏனென்றால் ரத்தசோகை நம் பெண்களிடம் மிகப் பரவலாக இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்குதான் சாதாரணமாக ரத்தத்துக்குப் போகிறது. இந்தச் சதவீதத்தைத்தான் நம்மால் மாற்ற முடியும். வைட்டமின் சி அதை உயர்த்துகிறது. குடல் உறிஞ்ச முடியாத வடிவத்தில் இருக்கும் இரும்பை உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றி, கரைந்த நிலையிலேயே வைத்திருக்கிறது. ஆனால் சூட்டில் அது அழிந்துபோகும். அதனால் எலுமிச்சையை அடுப்பை அணைத்து இறக்கின பிறகு, அல்லது தட்டில் போட்டுக்கொண்ட பிறகு பிழிய வேண்டும். முருங்கைக்கீரைப் பொரியலின் மேல் அரை மூடி பிழிந்தால் போதும். நெல்லிக்காய் மலிவாக வரும் மாதங்களில் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று சாப்பாட்டோடு கொடுக்கலாம். கீரையில் உள்ள கரோட்டின், அதாவது உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள், சேர எண்ணெய் வேண்டும், அதைத் தாளிப்பு பார்த்துக்கொள்கிறது.

இரும்பு உறிஞ்சப்படும் அந்தச் சதவீதத்தைக் கீழே இறக்குவது டீ. டீயில் உள்ள பாலிஃபீனால்கள் இரும்போடு சேர்ந்து குடலில் கரையாத பொருளாகிவிடும். 1975-ல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், சாப்பாட்டோடு டீ குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சப்படுவது பாதிக்கும் கீழே இறங்கியது. டீயில் பால் சேர்த்தாலும் இந்தத் தடை பெரிதாகக் குறைவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்கிறது. காலையில் இட்லியோடு ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுகிற அம்மா, அந்த டீயைப் பத்தரை மணி இடைவேளைக்குத் தள்ளினாலே போதும், இட்லியில் இருக்கும் இரும்பு அவருக்குச் சேரும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று ரேஷன் அரிசி. 2023-ல் தமிழ்நாடு முழுக்கச் செறிவூட்டிய அரிசி வந்தபோது, களையும்போது மேலே மிதந்த மணிகளைப் பார்த்துப் பலர் பயந்தார்கள். "பிளாஸ்டிக் அரிசி அக்கா இது, பொறுக்கிப் போட்டுடுங்க" என்ற பேச்சு தெருவுக்குத் தெரு கேட்டது. அது பிளாஸ்டிக் அல்ல. அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்தில் பிழிந்து காயவைத்த மணி, நூறு அரிசிக்கு ஒன்று வீதம் கலப்பார்கள். பொறுக்கிப் போட்டால் காசு கொடுக்காமல் கிடைத்த சத்தைக் குப்பையில் போடுவதாகும். ஐந்தாறு தண்ணீரில் களைவதும் அப்படித்தான், இரண்டு தண்ணீர் போதும். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடித்தாலோ ரசத்தில் சேர்த்தாலோ அதில் இறங்கின பி வைட்டமின்கள் திரும்பி வரும்.

பி12 பற்றி வேலூருக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. இந்த வைட்டமினைச் செடிகள் செய்வதில்லை, பாக்டீரியாக்கள்தான் செய்கின்றன. மனிதரின் சிறுகுடலில் வாழும் பாக்டீரியாக்களாலும் அதைச் செய்ய முடியும் என்று 1980-ல் நேச்சர் இதழில் எழுதினவர்கள் வேலூர் சிஎம்சி மருத்துவமனை ஆய்வாளர்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பி இருக்க முடியாது. கொஞ்ச அளவே போதும், ஆனால் முட்டை, தயிர், கருவாடு, கறி இவற்றில் ஏதோ ஒன்று வாரம் முழுக்கப் பரவி வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஒரு கிலோ எடுத்து முடித்துவிடுவதைவிட, வாரத்தில் இரண்டு நாள் கால் கிலோ கால் கிலோவாகக் குழம்பில் போடுவது லாபம். காரணம், கறியும் மீனும் தட்டில் இருந்தால் பக்கத்தில் இருக்கும் கீரை, பருப்பின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படுகிறது. பிரியாணி வேண்டாம் என்று ஆம்பூர்க்காரர்களிடம் நான் சொல்ல மாட்டேன். மாதத்தில் ஒரு ஞாயிறு அதற்கு இருக்கட்டும்.

அடுப்புச் செலவும் வாரக் கணக்கில்தான் வரும். பாலாறு வறண்ட இந்தப் பகுதியில் போர் தண்ணீர் பல இடங்களில் கடினமாக இருக்கும். அதில் பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் முழுசாக நிற்கும். பருப்பின் செல்களை ஒட்டி வைத்திருப்பது பெக்டின். தண்ணீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பெக்டின் இழைகளுக்குக் குறுக்கே பிணைப்புப் போட்டு இறுக்கிவிடுகின்றன. பருப்பு ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் குழாயில் வரும் காவிரித் தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொண்டால் கேஸ் கணிசமாக மிச்சமாகும். புளியும் தக்காளியும் பருப்பு மலர்ந்த பிறகுதான் சேர வேண்டும், ஏனென்றால் புளிப்பிலும் பெக்டின் கரையாது.

சரி, காய்கறிக்கு வருவோம். பறித்த பிறகும் காய் உயிரோடுதான் இருக்கிறது. தன்னில் உள்ள சர்க்கரையை எரித்து மூச்சு விடுகிறது, எரிய எரிய வாடுகிறது. சூடு பத்து டிகிரி கூடினால் இந்த வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூரில், ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில், கீரைக்கட்டு மறுநாள் மத்தியானத்தைத் தாண்டாது. இலை வேகமாக மூச்சு விடும். செடி தன் சேமிப்புக்கென்று வைத்துக்கொண்ட கிழங்கும் வெங்காயமும், தடித்த தோலுள்ள பூசணியும் மெதுவாக விடும். ஆகவே ஞாயிறு காலை உழவர் சந்தையில் ஒரு வாரத்துக்கு வாங்கினால், சமைக்கும் வரிசையைக் காயே சொல்லிவிடுகிறது. ஞாயிறும் திங்களும் கீரை. செவ்வாய், புதன் கத்தரிக்காய், வெண்டைக்காய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம்ம இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கிடைத்தால் அதையும் புதனுக்குள் முடித்துவிடுவது நல்லது. வியாழனுக்கு முருங்கைக்காய், வெள்ளிக்குப் பூசணி, சனிக்குச் சேனையோ உருளையோ. வாரத்தின் நடுவில் ஒரு கட்டு முருங்கைக்கீரை பக்கத்து வீட்டு மரத்தில் கிடைத்தால் வியாழனும் பச்சையாகிவிடும்.

வாரக் கடைசியில் காய் குறையும்போது அந்த இடத்தைப் பயறு நிரப்பட்டும். கொள்ளை அப்படியே வேகவைத்தால் சிலருக்கு வயிறு உப்பும், அதில் உள்ள சில சர்க்கரைகளைச் செரிக்க நமக்கு நொதி கிடையாது. முளைகட்டும்போது விதையே அவற்றைத் தின்றுவிடுகிறது, போனஸாகக் கொஞ்சம் வைட்டமின் சியும் உண்டாகிறது. சனிக்கிழமை மத்தியானம் முளைகட்டிய கொள்ளு கடைசல் வேண்டுமென்றால் வியாழன் ராத்திரியே ஊறப்போட்டு, வெள்ளி காலை தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். வெயில் காலத்தில் துணி காய்ந்துவிடும், சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை தண்ணீர் தெளித்தால் சனிக்கிழமை விடியும்போது வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும்.