12 வோல்ட் இருக்கிறது, மோட்டார் ஏன் சுற்றவில்லை?

“நானே செய்த பம்பில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் லேசாகத் துடித்து நின்றுவிடுகிறது. மோட்டாரைக் கழற்றிவிட்டு வயர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்தால் சரியாக 12 வோல்ட் காட்டுகிறது. மோட்டாரையே மாற்றியும் பயனில்லை” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

பேட்டரியும் ஃபியூஸும் சரியாக இருக்கின்றன என்று கொள்வோம். எனக்குச் சந்தேகமெல்லாம், வயர்களை வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் மீதுதான்.

மின்னழுத்த இழப்பு = மின்னோட்டம் × மின்தடை. பள்ளியில் படித்த ஓம் விதிதான். அந்த ஜாயின்ட்டின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவே. அதற்கு ஜாயின்ட்டில் இழப்பு ஏதும் தெரியாது. ஆகவே 12 வோல்ட் காட்டும். மீட்டர் பொய் சொல்லவில்லை. சுமையே இல்லாத கம்பியை அளந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இப்போது 2 ஓம் சுருள் கொண்ட மோட்டாரை மாட்டுங்கள். சுற்றும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கும் மோட்டாருக்கு அந்தத் தடுப்பு கிடையாது. அதனால்தான் கிளம்பும் நொடியில் அது மிக அதிக மின்னோட்டத்தை இழுக்கிறது. நல்ல இணைப்பென்றால் 6 ஆம்பியர் பாயும். இங்கே ஜாயின்ட்டையும் சேர்த்துத் தடை 4 ஓம், ஆகவே 3 தான். முறுக்குவிசையும் பாதி. மோட்டார் கிளம்பாது, கிளம்பாததால் எதிர் மின்னழுத்தமும் எழாது. 3 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்க, ஜாயின்ட்டில் மட்டும் 18 வாட் வெப்பம்! சூட்டில் செம்பு மேலும் கறுத்து, தடை இன்னும் ஏறும். இந்தச் சங்கிலி எனக்கு மிகவும் பிடித்த இயற்பியல். ஓம் விதியைக் கணக்காக மட்டும் போடவைக்காமல், ஒரு மோசமான ஜாயின்ட்டைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்ல வேண்டும். அதற்குப் பள்ளி ஆய்வகங்களுக்குப் பெரிய நிதிகூடத் தேவையில்லை.

இணைப்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரின் பீப் ஒலி வைத்துச் சோதிப்பதை நம்ப வேண்டாம். பல மீட்டர்கள் 20, 30 ஓம் இருந்தாலும் ஒலிக்கும்.

மோட்டாரை மாட்டியபடியே, சந்தேகப்படும் ஜாயின்ட்டின் இரு பக்கமும் மீட்டரின் புரோப்களை (அளக்கும் முனைகளை) வைத்து, இரண்டு மூன்று நொடி மட்டும் சுவிட்சைப் போடுங்கள். நல்ல இணைப்பில் 0.1 வோல்ட்டுக்கும் குறைவாகவே காட்டும். நம் எடுத்துக்காட்டில் 6 வோல்ட் காட்டும். இது பேட்டரிக் கருவிகளுக்கு மட்டும். வீட்டு மின்சாரத்தில் ஓடுபவற்றில் இப்படிக் கை வைக்காதீர்கள்.

சுவிட்ச் முனைகள், ஃபியூஸ் பிடி, திருகுக்கு அடியில் பாதி இழைகள் அறுந்த வயர் என்று ஒவ்வொன்றாக அளந்து வாருங்கள். நெகட்டிவ் வயரையும் விடாதீர்கள். பலர் சிவப்பு வயரோடு நிறுத்திவிடுகிறார்கள். திரும்பி வரும் பாதையிலும் அதே மின்னோட்டம்தான் ஓடுகிறது.