கோழிக்கு 7ஆம் நாள், நமக்கு 28ஆம் நாள்

2021இல், கொங்கு நாட்டில் பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பியும் கொரோனா தடுப்பூசியும் ஒரே நாளில் வந்தன. ஜனவரி 16, சனிக்கிழமை. டிவியில் மதுரை அரசு மருத்துவமனையில் முதல்வர் ஊசித் திட்டத்தைத் தொடங்கிவைப்பதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பல்லடத்துக்குத் தெற்கே மாமாவின் கோழிப் பண்ணையில் அன்றைக்குக் குஞ்சு இறங்கி ஏழாம் நாள். நோம்பியாவது ஒன்றாவது, விடிந்ததும் சொட்டு மருந்து வேலை.

வெள்ளைக் கழிச்சல் என்ற கோழி நோய்க்கான லசோட்டா மருந்து அது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக்குக்கு நடுவே ஒரு குப்பி வரும். உள்ளே உலர்ந்த வில்லை போல ஒட்டிக்கொண்டிருப்பது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைந்த வைரஸ். நீல நிறக் கரைசலை அதில் ஊற்றிக் கலக்கி, சொட்டுப்புட்டியில் மாற்றி, ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்துக் கண்ணில் ஒரு சொட்டு. குஞ்சு கண்ணை மூடித் திறந்து சொட்டை உள்ளே இழுக்கும் வரை கையிலேயே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு விட்டால் தலையை உதறும், மருந்து தரைக்குப் போய்விடும். ஐயாயிரம் குஞ்சுக்கும் இதே வேலை.

"மாப்ள, டிவில என்னமோ புதுசாக் கண்டுபுடிச்ச மாதிரி பேசறாங்க. நாம எத்தன வருசமா இதையே பண்ணிட்டு இருக்கறோம்" என்றார் மாமா.

அப்போது சிரித்துவிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அவர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி.

முதலில் அந்தக் குளிர்காலம். கோழிக்காரர்களுக்கு மார்கழியும் தையும் எப்போதுமே பயம். வாடைக் காற்று ராத்திரியில் சில்லென்று அடிக்கும். குஞ்சு விறைத்துப்போகும் என்று ஷெட்டின் பக்கவாட்டுப் படுதாவை இறக்கிவிடுவார்கள். படுதாவை இறக்கினால் குளிர் நின்றுவிடும், கூடவே காற்றோட்டமும் நின்றுவிடும். எரு நாற்றம் கண்ணைக் கரிக்கும். ஒரு கோழி விட்ட மூச்சையே அடுத்த கோழி இழுக்கும். சளி, கொர்கொர் சத்தம் எல்லாம் அப்போதுதான் பரவும். கொரோனாவும் முக்கியமாக மூச்சுக் காற்றில் மிதக்கும் நுண்துளிகளால்தான் பரவியது. ஜன்னலைச் சாத்திய அறை, ஏசி போட்ட மண்டபம் எல்லாம் படுதா இறக்கிய ஷெட்தான். பெட்டியையும் பையையும் சானிடைசரால் துடைத்ததை விட ஜன்னலைத் திறந்து வைத்திருந்தால் கூடுதல் பலன் கிடைத்திருக்கும் என்பது நமக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அந்த ஜனவரியில் கோழிக்காரர்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளில் பறவைக் காய்ச்சல் வந்து, வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய வருடம்தான் கோழி தின்றால் கொரோனா வரும் என்ற வதந்தியில் கறி விலை தரைமட்டமாகியிருந்தது. கோழியிடமிருந்து மனிதருக்கு அந்தக் கொரோனா வரவில்லை. ஆனால் கோழிக்கென்று சொந்தமாக ஒரு கொரோனா உண்டு.

அதன் பெயர் ஐ.பி. (இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ்) வைரஸ். அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் குஞ்சுகளுக்கு வந்த மூச்சுக்குழாய் நோயைப் பற்றி 1931இலேயே எழுதியிருக்கிறார்கள். மனிதன் முதலில் கண்டறிந்த கொரோனா வைரஸ் இதுதான். நம்மைத் தாக்கியதற்கு இது தூரத்துச் சொந்தம், மனிதரைத் தொற்றாது. ஆனாலும் மேலே அதே முள் முடி, ஸ்பைக் என்கிற கொக்கிப் புரதம். 1950களிலிருந்து இதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. நாமக்கல் முட்டைப் பண்ணைகளில் புழங்கும் ஐ.பி. மருந்துகளில் ஒன்று எச்120. அந்த 120 என்பது, கோழி முட்டைக் கருவில் வைரஸை ஒன்றன்பின் ஒன்றாக 120 தடவை வளர்த்ததைக் குறிக்கிறது. முட்டைக்குள்ளேயே வாழப் பழகிய வைரஸுக்கு வளர்ந்த கோழியைப் படுக்கவைக்கிற வீரியம் போய்விடுகிறது, ஆள் அடையாளம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஐ.பி.யிலும் உருமாறிய வகைகள் வந்துகொண்டே இருக்கும், ஒரு வகைக்குப் போட்ட மருந்து இன்னொன்றைச் சரியாகத் தடுக்காது. 2020 டிசம்பரில் இங்கிலாந்தில் உருமாறிய கொரோனா என்று உலகமே அலறியபோது, "ஸ்ட்ரெயின் மாறிருச்சு போல" என்று சொல்லிவிட்டு மாமா தீவனம் இறக்கப் போய்விட்டார்.

சரி, அந்த அடையாளத்தை உடம்பு எப்படிப் படிக்கிறது?

இதைத் திருப்பூர் பாஷையில் சொன்னால் சட்டென்று புரியும். நம் உடம்பில் பி செல் என்ற வெள்ளையணுக்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை மட்டும் பிடிக்கக்கூடிய அச்சை மேலே மாட்டிக்கொண்டு திரிகிறது. கை ஊசியில் போன மருந்தின் துணுக்குகளைக் காவல் அணுக்கள் அக்குளில் உள்ள நிணநீர்க் கணுவுக்குத் தூக்கிப் போகின்றன. ஊசி போட்ட பின் சிலருக்கு அங்கே நெறி கட்டியது இதனால்தான். வருகிற துணுக்கு எந்தப் பி செல்லின் அச்சில் ஓரளவு பொருந்துகிறதோ, அது பெருகத் தொடங்கும். பெருகும்போது அச்சைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பார்க்கும். நன்றாகப் பொருந்துவது பிழைக்கும், பொருந்தாதது கழியும். சாம்பிள் போட்டு, அளவு சரியில்லை என்று திருப்பி அனுப்பி, மறுபடி சாம்பிள் போட்டு அப்ரூவல் வாங்குகிற அதே கதை. அப்ரூவல் ஆன செல்கள் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்பொருளைத் தயாரித்து ரத்தத்தில் விடுகின்றன. முதல் ஆர்டருக்கு இதெல்லாம் முடிய இரண்டு மூன்று வாரம் ஆகும். ஊசி போட்ட மறுநாளே முகக்கவசத்தைக் கழற்றியவர்கள் சறுக்கியது இங்கேதான்.

ஆர்டர் முடிந்ததும் பெரும்பாலான செல்கள் செத்துவிடும். சில மட்டும் பேட்டர்னைக் கையில் வைத்துக்கொண்டு நினைவு செல்களாகத் தங்கும். அதே சரக்குக்கு ரிபீட் ஆர்டர் வந்தால் சாம்பிள் வேலையே கிடையாது, சில நாளிலேயே முன்பைவிடப் பல மடங்கு உற்பத்தி. இரண்டாவது டோஸ் என்பது அந்த ரிபீட் ஆர்டர்தான். கோழிக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, மூன்று நாலு வாரத்தில் தண்ணீரில் கலந்து மறுபடி. நமக்கு முதலில் 28 நாள் என்றார்கள்.

இந்தப் பி செல்லின் பெயரில் உள்ள 'பி' கோழியிடமிருந்து வந்தது என்பதைப் படித்தபோது எனக்கே நம்பமுடியவில்லை. கோழியின் வால்புறம், கழிவாய்க்கு மேலே, சின்னப் பை ஒன்று உண்டு. பர்சா என்பார்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் இத்தாலியின் பதுவா நகரில் இருந்த ஃபாப்ரீசியஸ் அதை விவரித்தார், எதற்கு இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1950களில் அமெரிக்காவின் ஒஹாயோவில் புரூஸ் கிளிக் என்ற மாணவர் குஞ்சுகளின் பர்சாவை அறுத்தெடுத்து வளர்த்துப் பார்த்தார். வளர்ச்சியில் ஒன்றும் வித்தியாசம் இல்லை. சக மாணவர் திமோத்தி சாங்குக்கு வகுப்பில் ஆன்டிபாடி உருவாவதைக் காட்டக் கோழி தேவைப்பட்டது, மிச்சமிருந்த அந்தக் கோழிகளை வாங்கிப் போனார். ஊசி போட்டார். ஆன்டிபாடி வரவேயில்லை. வகுப்பு சொதப்பியது, நோய் எதிர்ப்பியலில் ஒரு பெரிய கதவு திறந்தது. கட்டுரையைச் 'சயின்ஸ்' இதழ் திருப்பி அனுப்பிவிட, 1956இல் கோழி வளர்ப்பு ஆய்விதழ் ஒன்றில் வந்தது. மருத்துவர்கள் அதைக் கவனிக்கவே பல வருடம் ஆயிற்று. பர்சாவில் முதிரும் செல் என்பதால் பி செல். நமக்குப் பர்சா இல்லை, எலும்பு மஜ்ஜை அந்த வேலையைப் பார்க்கிறது.

பல்லடத்தில் பர்சா எல்லாருக்கும் தெரிந்த சொல். கோழிக் கம்பெனியின் டாக்டர் வந்து செத்த குஞ்சை அறுத்து, "பர்சா வீங்கியிருக்கு, கம்போரோ" என்பார். கம்போரோ வைரஸ் அந்தப் பையையே அழிக்கும். அதில் தப்பிய குஞ்சுக்கு அப்புறம் வெள்ளைக் கழிச்சல் மருந்து கொடுத்தாலும் சரியாக ஏறாது. பனியன் கம்பெனியே எரிந்த பிறகு யாருக்கு ஆர்டர் கொடுப்பது?

2021இல் நமக்கு முக்கியமாகக் கிடைத்த இரண்டு ஊசிகளும் வேறு வேறு வழியில் வேலை செய்தன. ஐதராபாத்தில் தயாரான கோவாக்சின், முழு வைரஸையும் வளர்த்துச் சாகடித்துச் செய்தது. முட்டைக்கோழிக்கு முட்டை வைக்கும் முன்னால் போடும் 'கில்டு' ஊசி இதே வகை. செத்த வைரஸை உடம்பு அவ்வளவாக மதிக்காது. அதனால் கோழிக்கு எண்ணெயிலும் நமக்கு அலுமினிய உப்புக் கூழிலும் கலந்து, ஏதோ ஆபத்து என்று உடம்பை உசுப்ப வேண்டியிருக்கிறது. புனேயில் தயாரான கோவிஷீல்டில் கொரோனாவே கிடையாது. சிம்பன்சிக்குச் சளி உண்டாக்கும் ஒரு வைரஸ், பெருக முடியாதபடி முடக்கப்பட்டு, ஸ்பைக் புரதத்துக்கான மரபுக் குறிப்பை நம் செல்லுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறது. செல் அந்தப் புரதத்தைச் செய்து காட்டுகிறது.

ஊசி போட்டும் ஏன் கொரோனா வந்தது என்ற கேள்விக்குப் பதில் அந்தக் கண் சொட்டில் இருக்கிறது. கண்ணில் விட்ட மருந்து கண்ணீர்க் குழாய் வழியே மூக்குக்கும் போய், வைரஸ் நுழையும் வாசலிலேயே காவல் வைக்கிறது. கையில் போட்ட ஊசி முக்கியமாக ரத்தத்தில் காவல் வைக்கிறது. வைரஸ் மூக்கில் ஏறலாம், சளி பிடிக்கலாம், நுரையீரலுக்கு இறங்கும்போதுதான் பலமான தடுப்பு. மூக்கில் விடும் மருந்து நம் நாட்டில் 2022இல் அனுமதி பெற்றபோது, கோழிக்காரர்கள் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

குளிர் விஷயத்திலும் அப்படித்தான். பைசர் ஊசியை மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டுமாம், இந்தியாவில் நடக்கிற காரியமா என்று பேசினார்கள். நம்மூர்க் குஞ்சு பொரிப்பகங்களில் மேரெக்ஸ் நோய் மருந்து மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில்தான் கிடக்கும். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர் அதே திரவ நைட்ரஜன் கேனை டிவிஎஸ் வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நம் இரண்டு ஊசிகளுக்கும் 2 முதல் 8 டிகிரி போதும். சூடு கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், உறையக் கூடாது என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அலுமினியக் கூழ் உள்ள மருந்து உறைந்தால், ஐஸாகும் தண்ணீர் அந்த நுண்துகள்களை ஒன்றோடொன்று நெருக்கிக் கட்டியாக்கிவிடும். உருகிய பிறகு குலுக்கிவைத்தால் திரிந்த பால் போல அடியில் சீக்கிரம் படியும், வீரியம் போயிருக்கும். கிராமத்துச் செவிலியர்கள் ஐஸ் பேக்கை வெளியே வைத்து, உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதம் வந்த பிறகே பெட்டியில் அடுக்குவது இதற்காகத்தான்.

மாமாவுக்கு வயது 63. மார்ச் 1இல் அறுபது தாண்டியவர்களுக்குத் திறந்ததும், இரண்டாவது வாரத்தில் கோவிஷீல்டு முதல் ஊசி போட்டுக்கொண்டார். ராத்திரி காய்ச்சல், கை வலி. குஞ்சும் மருந்து போட்ட பின் இரண்டு நாள் சோர்ந்து நிற்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஏப்ரலில் இரண்டாவது ஊசிக்குக் கிளம்பினால், இடைவெளியை 6 முதல் 8 வாரம் ஆக்கிவிட்டார்கள். மே மாதம் அது 12 முதல் 16 வாரம் ஆயிற்று. அந்த மாதக் கடைசியில் கோவை தினசரித் தொற்றில் சென்னையையே தாண்டிவிட்டது, திருப்பூரிலும் படுக்கை கிடைக்கவில்லை.

"மருந்து பத்தல, அதுக்குத்தான் தள்ளிப்போடறாங்க" என்று ஊரெல்லாம் பேச்சு. தட்டுப்பாடு இருந்தது உண்மை. ஆனால் காரணம் அது மட்டுமில்லை. தாய்க்கோழியின் ஆன்டிபாடி மஞ்சள் கரு வழியாகக் குஞ்சுக்கு வரும். அது நிறைய இருக்கும்போது கம்போரோ மருந்து கொடுத்தால், உடம்பு கற்றுக்கொள்ளும் முன்பே அந்த ஆன்டிபாடி மருந்தைத் தீர்த்துக்கட்டிவிடும். அதனால் அளவு இறங்கும் நாள் பார்த்துக் கொடுப்பார்கள். இரண்டாவது டோஸிலும் இந்தச் சிக்கல் கொஞ்சம் உண்டு. அதோடு, கணுவுக்குள் சாம்பிள் திருத்தும் வேலை வாரக்கணக்கில் நடக்கும், முடிய விட்டு ரிபீட் ஆர்டர் கொடுத்தால் சரக்கு தரமாக வரும். கோவிஷீல்டில் இடைவெளி கூடியவர்களுக்கு ஆன்டிபாடி அதிகம் இருந்ததைச் சோதனைகளும் காட்டின. ஆனால் அலை அடிக்கும் நேரத்தில் ஒற்றை டோஸோடு மூன்று மாதம் காத்திருப்பது சூதாட்டம்தான். என் கணக்கில், வயதானவர்களுக்காவது சீக்கிரம் போட்டிருக்கலாம்.

மாமாவிடம் கம்போரோ உதாரணத்தைச் சொன்னேன்.

"அப்ப எனக்கு நாள் பாத்துச் சொல்ல கம்பெனி டாக்டர் மாதிரி ஆரு இருக்கறாங்க?"

ஜூன் முதல் வாரம், 84 நாள் கழித்து, இரண்டாவது ஊசி போட்டுக்கொண்டு வந்தார். பண்ணையில் பேட்ச் ரிஜிஸ்டர் இருக்கும்: குஞ்சு இறங்கிய தேதி, தீவனம், சாவு, மருந்து. அன்றைய தேதிக்கு நேராக, மருந்துக் கட்டத்தில், குஞ்சுகளின் லசோட்டாவுக்குக் கீழே நீல மையில் எழுதியிருந்தார்: "கோவிசீல்டு – நானு – ரெண்டாவது."