மூங்கில் புல், வேம்பு மரம்: மேற்கு மதிலோரம் எதை நடுவது?

அக்கா செங்கல்பட்டுப் பக்கம் வீடு கட்டி முடித்தபோது மேற்கு மதிலோரம் 12 அடி அகலத்துக்கு மண் மிச்சம் இருந்தது. மதியத்துக்கு மேல் வெயில் நேராகச் சுவரில் அறையும். நர்சரிக்காரர் மஞ்சள் மூங்கிலைப் பரிந்துரைத்தார். மாமாவோ வேம்பைத் தவிர எதுவும் வேண்டாம் என்றார். பஞ்சாயத்து என்னிடம் வந்தது. "ரெண்டும் மரம்தானே தம்பி, எது சீக்கிரம் வளரும்னு மட்டும் சொல்லு" என்றாள் அக்கா.

ரெண்டும் மரம் இல்லை. மூங்கில் புல். நெல், கரும்பு, அருகம்புல் எல்லாம் எந்தக் குடும்பமோ அதே குடும்பம். 40 அடி உயர்ந்தாலும் புல் புல்தான்.

நம்மாட்கள் இதை வெகுகாலம் முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். "புறக்காழனவே புல்லென மொழிப, அகக்காழனவே மரமென மொழிப" என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். காழ் என்றால் வைரம், அதாவது தண்டில் கெட்டிப்பட்ட பகுதி. வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம். இந்தக் கணக்கில் பனையும் தென்னையும்கூடப் புல்லாகிவிடும். இன்றைய தாவரவியல் பனையைப் புல் குடும்பத்தில் சேர்ப்பதில்லை. ஆனால் பனை, தென்னை, மூங்கில் மூன்றையும் ஒருவித்திலைத் தாவரங்கள் (விதைக்குள் ஒரே ஒரு விதையிலை உள்ளவை) என்று ஒரே கூரையின் கீழ்தான் வைக்கிறது. தண்டை வெட்டிப் பார்த்துச் செய்த பிரிவு என்ற அளவில், சூத்திரம் இன்றைக்கும் நிற்கிறது. சட்டம்தான் தடுமாறியது. 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் 'மரம்' என்பதற்குள் மூங்கிலையும் சேர்த்துவிட, சொந்த நிலத்து மூங்கிலை வெட்டி எடுத்துப் போவதற்கும் பல இடங்களில் அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. 2017-இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்தப் பட்டியலிலிருந்து மூங்கிலை நீக்கியது.

சரி, உள்ளே வைரம், வெளியே வைரம் என்பது எப்படி நடக்கிறது? வேம்பின் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்ற மெல்லிய உயிர்த் திசு, தண்டைச் சுற்றி உறை போட்டதுபோல இருக்கிறது. உள்பக்கம் புதிய கட்டையையும் வெளிப்பக்கம் உணவு கடத்தும் திசுவையும் அது ஓயாமல் உண்டாக்குகிறது. மரம் பருப்பது இதனால்தான். நடுவில் அகப்பட்ட பழைய கட்டை காலப்போக்கில் தண்ணீர் கடத்துவதை நிறுத்திவிடும். அதில் உயிரோடு மிஞ்சியிருக்கும் செல்கள் சாகும் முன் தங்களிடமிருந்த மாவுச்சத்தைச் செலவழித்து, பூச்சியும் பூஞ்சையும் விரும்பாத ரசாயனங்களை நிரப்பிவிட்டுப் போகின்றன. வயதான வேப்பமரத்தை அறுத்த இடத்தில் பார்த்தால் தெரியும்: ஓரத்தில் வெளிறிய வளையம், நடுவில் செம்பழுப்பு. அந்தச் செம்பழுப்புதான் வைரம்.

மூங்கிலில் கேம்பியம் கிடையாது, பட்டையும் கிடையாது. ஒரு மூங்கில் கழியைக் குறுக்கே அறுத்து வெட்டுமுகத்தைப் பாருங்கள். கரும்புள்ளிகள் இறைந்து கிடக்கும். ஒவ்வொரு புள்ளியும் தண்ணீரும் உணவும் போகும் குழாய்க்கட்டு. அதைச் சுற்றிக் கடினமான நார். உட்பக்கம் புள்ளிகள் பெரிதாக, தள்ளித் தள்ளி இருக்கும். வெளித்தோலை நெருங்க நெருங்கச் சிறுத்து, நெருக்கியடித்துக் கொண்டிருக்கும். தோலில் சிலிக்கா வேறு. கத்தியை மழுக்குவது அதுதான். ஒரு தண்டு வளையும்போது அதிக இழுவையும் அழுத்தமும் வெளிவிளிம்பில்தான் விழும். நடுவில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. அதனால் நடுவைக் காலியாக விட்டு, இருக்கிற நாரையெல்லாம் விளிம்பில் குவித்தால் குறைந்த எடையில் அதிக பலம். சைக்கிள் சட்டத்துக்குக் கம்பி போடாமல் குழாய் போடுவதும் இதே கணக்குத்தான்.

பருக்க முடியாத இந்தத் தண்டுக்கு ஒரு விசித்திரமான விதி உண்டு. மண்ணைப் பிளந்து வரும் குருத்து என்ன தடிமனோ, கழியின் தடிமன் கடைசிவரை அதுதான். மழை விழுந்ததும் மடல்களைப் போர்த்திக்கொண்டு கூம்பாக எட்டிப் பார்க்கும் அந்தக் குருத்துக்குள், எல்லாக் கணுக்களும் முன்கூட்டியே அடுக்கி மடக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. பழைய ரேடியோவின் ஆன்டெனாவை இழுப்பதுபோல ஒவ்வொரு கணுவுக்கு மேலும் உள்ள பகுதி நீள்கிறது. இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரம், அத்தோடு சரி. அதன்பின் கழி ஓர் அங்குலமும் உயராது, உள்ளுக்குள் கெட்டிப்படுவதற்குத்தான் இரண்டு மூன்று ஆண்டு ஆகும்.

வேம்பு வளர்வது வேறு மாதிரி. அது உயர்வது கிளை நுனிகளில் மட்டும். பத்து ஆண்டுக்கு முன் அஞ்சடி உயரத்தில் யாரோ அடித்த ஆணி இன்றும் அஞ்சடியில்தான் இருக்கும். மேலே போகாது, ஆனால் கட்டை பருத்துப் பருத்து அதை விழுங்கிக்கொண்டிருக்கும். (கன்றில் கட்டிய கம்பியை அவிழ்க்க மறந்துவிட்டால் கேம்பியமும் உணவுப் பாதையும் நெரிபட்டு மரமே போய்விடும். தெருவோர மரங்களில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.)

"மூங்கில் குச்சி குச்சியா வருதே, ஏமாத்திட்டாங்க" என்று முதல் ஆண்டில் பலர் குறைப்படுவார்கள். அந்தக் குச்சிகள் ஒருநாளும் பருக்காது, உண்மைதான். ஆனால் அவை சமைக்கும் உணவு மண்ணுக்கடியில் உள்ள கிழங்கில் சேர்ந்து, அடுத்த மழைக்கு வரும் குருத்துகள் கொஞ்சம் தடிக்கும். அதற்கடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம். மூங்கிலில் கழி வளர்வதில்லை, தூர்தான் வளர்கிறது. இதைப் புரிந்துகொண்டால் கத்தரிக்கும் முறையும் தானாக விளங்கும். இளங்கழிகள்தான் அடுத்த தலைமுறைக்குச் சோறு போடுபவை, அவற்றைத் தொடக்கூடாது. நடுவில் நெருக்கிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு வயதுக் கிழட்டுக் கழிகளைத்தான் வெட்டி எடுக்க வேண்டும். ஒரு கழியின் தலையைக் கொய்தால் அது மறுபடி உயராது, கணுக்களில் கிளை அடர்ந்து வேலியாகும். வேம்பின் தலையை வெட்டினாலோ பக்கக் கிளை ஒன்று தலைவனாகி மேலே கிளம்பிவிடும்.

வெட்டிய மஞ்சள் மூங்கிலைப் பந்தலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள் அக்கா. இந்த வகைக் கழியில் மாவுச்சத்து மிக அதிகம், வைரக்கட்டைபோல அதைத் தீர்த்துவிட்டு ரசாயனம் நிரப்பும் ஏற்பாடும் இல்லை. கட்டைத் துளைக்கும் வண்டுகளுக்கு விருந்துதான். சில மாதத்தில் அடியில் மாவு மாவாகக் கொட்டும். கழிகளைக் குளத்தில் ஊறப்போடும் பழைய வழக்கம் அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான்.

மதிலுக்கு என்ன ஆகும் என்பதுதான் மாமாவின் கவலை. மஞ்சள் மூங்கில் தூர்க்கட்டி வளரும் சாதி. சீன, ஜப்பானிய மூங்கில்கள் சிலவற்றைப்போல மண்ணுக்கடியில் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் முளைக்காது. வேர்கள் மெல்லிய நார்க்கற்றை, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே. ஆனால் தூரின் சுற்றளவு ஆண்டுதோறும் வெளியே தள்ளும், ஆகவே மதிலை ஒட்டி வைக்கக் கூடாது. மேல்மண் ஈரத்தை நம்பி வாழ்வதால் கோடையில் தண்ணீர் கேட்கும். வேம்பின் ஆணிவேர் ஆழத்துக்குப் போகும். வேர் பிடித்தபின் குழாயைத் திறக்கவே தேவையில்லை. அதற்கு ஆகாதது தண்ணீர் தேங்குவதுதான். ஆனால் அதன் பக்க வேர்களும் பருக்கும், பருத்தால் சுவரை நெம்பும். என் கணக்கில் மதிலுக்கும் வேம்புக்கும் நடுவே பத்தடியாவது வேண்டும்.

நிழல் என்று வந்தால் நான் வேம்பின் கட்சி. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டித் தீர்த்துவிட்டு, அக்கினி வெயில் தொடங்கும்போது புத்திலையும் பூவுமாக நிற்கும் மரம் அது. மூங்கில் தருவது மறைப்பு. குடைபோன்ற நிழல் இல்லை. குப்பையோ ஆண்டு முழுக்க. வேம்பு ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று மாமா சேர்த்துக்கொண்டார். விடாது, வெளிச்சம் இல்லாமல் எந்த மரமும் விடாது. ஆனால் அவர் பக்கம் ஜெயிக்க அந்தப் பொய் தேவைப்படவில்லை.

12 அடிக்குள் பத்தடி விட்டு வேம்பு வைத்தால் அது வீட்டுச் சுவரை முட்டும். கடைசியில் வேம்பு தென்மேற்கு மூலைக்கு, கேட்டுக்கு வெளியே தெருவோரம் போனது. மதிலோரம் நாலடி தள்ளி மஞ்சள் மூங்கில் மூன்று தூர். போன ஐப்பசி மழையில் முதல் குருத்துகள் வந்தன. அக்கா போனில் படம் அனுப்பினாள், அடியில் ஒரு வரி: "சுண்டு விரல் தடிமன்தான் இருக்கு."

அடுத்த மழை வரட்டும் என்று பதில் போட்டேன்.