பிரிட்டன் மாணவர் விசா: அந்த 28 நாள் கணக்கு

வங்கியில் போதிய பணம் இருந்தும் பிரிட்டன் மாணவர் விசா மறுக்கப்படுகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பணம் கணக்குக்கு வந்த தேதியை.

முதலில் தொகை. 2025 நவம்பர் 11 முதல், வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு காட்ட வேண்டும். ஒன்பது மாதப் படிப்புக்கோ அதற்கு மேற்பட்டதற்கோ ஒன்பது மாதக் கணக்கே: 13,761 அல்லது 10,539 பவுண்டு. இதோடு முதலாண்டுக் கட்டணத்தின் பாக்கியும் சேரும். கட்டணம் 16,000, கட்டியது 5,000, கல்லூரி லண்டனுக்கு வெளியே என்றால் 11,000 + 10,539 = 21,539 பவுண்டு. கட்டிய தொகை பல்கலைக்கழகம் தரும் 'காஸ்' எனும் சேர்க்கை உறுதி ஆவணத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் திருத்தித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இந்தத் தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் நூறு ரூபாய் குறைந்தாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதியிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத் தேதி என்பது ஆன்லைனில் விசா கட்டணம் செலுத்திய நாள். தேவையான தொகையோடு ஒட்டி நிற்கும் இருப்புதான் ஆபத்து. அந்தக் கட்டணமும், பிரிட்டன் அரசு மருத்துவ சேவைக்காக விண்ணப்பத்தோடு வாங்கும் சர்சார்ஜும் அதே கணக்கிலிருந்து கட்டினால் இருப்பு குறைந்துவிடும். ரூபாய் மதிப்பும் விண்ணப்ப நாளின் ஒவாண்டா என்ற நாணய மாற்று இணையதளத்தின் விகிதப்படிதான் பார்க்கப்படும். அதனால் பத்து சதவீதமாவது கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்வோம்.

யாருடைய கணக்கு என்பதில்தான் நம் குடும்பங்கள் அதிகம் தடுக்கி விழுகின்றன. மாணவருடையது, பெற்றோருடையது, சட்டப்படியான பாதுகாவலருடையது, உடன் வரும் கணவர் அல்லது மனைவியுடையது செல்லும். தாய்மாமா, சித்தப்பா, அண்ணன் கணக்கு செல்லாது, அவர்கள் எவ்வளவு பாசத்தோடு கடிதம் எழுதிக் கொடுத்தாலும். அவர்கள் உதவ நினைத்தால் 28 நாள் தொடங்கும் முன்பே பணத்தை அப்பா, அம்மா கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் ஒப்புதல் கடிதமும் வேண்டும். சான்றிதழில் 'முருகன்', பாஸ்புக்கில் 'முருகேசன்' என்றிருந்தால் இப்போதே திருத்துங்கள்.

பங்கு, பி.எஃப்., ஓவர்டிராஃப்ட் எதுவும் எடுபடாது. வேண்டும்போது எடுக்க முடிகிற எஃப்.டி. செல்லும். இடையில் அதை உடைத்துச் சேமிப்புக் கணக்கில் போட்டால் இரண்டின் ஆவணங்களும் சேர்ந்து 28 நாளை இடைவெளியின்றிக் காட்ட வேண்டும். கல்விக் கடனுக்கு இந்த 28 நாள் விதி இல்லை. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும், வங்கிக் கடிதம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மறுத்துவிட்டால் சர்சார்ஜ் திரும்ப வரும், விசா கட்டணம் வராது. பின்னால் எந்த நாட்டு விண்ணப்பத்தில் 'முன்பு மறுக்கப்பட்டதா' என்று கேட்டாலும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அங்கே போய்க் கணக்குத் தொடங்கப் பாஸ்போர்ட், இ-விசா, முகவரியோடு பல்கலைக்கழகம் தரும் கடிதம் ஆகியவற்றைப் பொதுவாகக் கேட்பார்கள். கணக்கு கைக்கு வந்தபின், "உன் கணக்கில் பவுண்டு போடுகிறேன், நான் சொல்கிறவருக்கு மாற்றிவிடு, ஊரில் உன் வீட்டுக்கு ரூபாய் தருகிறேன்" என்று யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். அது மோசடிப் பணமாக இருந்தால் வங்கி கணக்கை மூடும். சைஃபாஸ் என்ற பிரிட்டன் மோசடித் தடுப்புப் பதிவில் ஏறும் பெயர் ஆறு ஆண்டுவரை நிற்கும். அதுவரை வேறு வங்கிக் கணக்கோ செல்போன் ஒப்பந்தமோ கிடைப்பது பெரும்பாடு.