50 டன் கிரேன் எப்போது 50 டன்னைத் தூக்கும்?

வள்ளியூரைத் தாண்டிப் பணகுடியை நெருங்கும்போது சாலையின் இருபுறமும் காற்றாலைகள் தென்படத் தொடங்குகின்றன. அவற்றின் இறக்கைகளை அவ்வளவு உயரத்துக்கு ஏற்றிய கிரேனைப் பலர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. வேலை முடிந்ததும் அது துண்டு துண்டாகக் கழற்றப்பட்டு, லாரிகளில் அடுத்த தளத்துக்குப் போய்விடுகிறது. கங்கைகொண்டான் சிப்காட்டிலும் கட்டுமானத் தளங்களிலும் அன்றாடம் கண்ணில் படுபவை அதைவிடச் சிறிய டிரக் கிரேன்களும், சுமையோடு நகரும் ஹைட்ராக்களுமே. அவற்றை வாடகைக்கு அழைப்பவர் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை டன் வண்டி?" என்பதாகும். கிரேனைப் பற்றிய தவறான எண்ணங்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியிலிருந்தே பிறக்கின்றன.

கிரேனின் நீண்ட தூக்குக் கையான பூமின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும் 50 டன் என்பது, வண்டியின் இருபுறமும் தரையில் ஊன்றும் அவுட்ரிகர் கால்கள் நான்கும் முழுமையாக நீட்டப்பட்டு, பூம் மிகக் குறுகிய நீளத்தில் நிறுத்தப்பட்டு, சுமை கிரேனின் சுழல் மையத்திலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர் தூரத்தில் தொங்கும்போது மட்டுமே பொருந்தும் எண். அந்தத் தூரத்தை ஆரம் என்கிறோம். ஆரம் கூடக்கூடத் தூக்கும் திறன் விரைந்து குறைகிறது. ஒரு பக்கத்துப் பாரத்தை மறுபக்கத்துத் தூரம் ஈடுகட்டும் பழைய வெள்ளிக்கோலின் கணக்கே இங்கும் நடக்கிறது: அவுட்ரிகர் பாதங்களை இணைக்கும் கோட்டுக்கு வெளியே சுமையின் திருப்புத்திறன் (எடையைத் தூரத்தால் பெருக்கிய அளவு), உள்ளே கிரேனின் சொந்த எடையும் எதிர் எடையான கவுண்டர் வெயிட்டும் தரும் திருப்புத்திறன். முன்னது பின்னதை மிஞ்சும் கணத்தில் வண்டி அந்தக் கோட்டின் மேல் கவிழ்கிறது.

எந்த ஆரத்தில், எந்தப் பூம் நீளத்தில், எவ்வளவு தூக்கலாம் என்பதைத் தயாரிப்பாளர் அட்டவணையாகத் தருகிறார். அதுவே லோடு சார்ட். கணக்கு விளங்குவதற்காக, ஒரு சார்ட்டில் 10 மீட்டர் ஆரத்துக்கு 14 டன் என்றும் 12 மீட்டருக்கு 10.5 டன் என்றும் இருப்பதாகக் கொள்வோம். தூக்க வேண்டிய டிரான்ஸ்பார்மர் 10 டன். 12 மீட்டரிலும் அரை டன் மீதமிருப்பதாகத் தோன்றும். ஆனால் கொக்கியும் கப்பிகளும் சேர்ந்த ஹூக் பிளாக் 400 கிலோ, சுமையைக் கட்டும் சிலிங்குகளும் அவற்றை மாட்டும் சாக்கிள்களும் 300 கிலோ என்றால் மொத்தச் சுமை 10.7 டன் ஆகிவிடுகிறது. சார்ட்டின் எண்ணுக்குள் இவையும் அடக்கம் என்பதால் அந்தத் தூக்கல் கூடாது. வண்டியை 2 மீட்டர் நெருக்கி நிறுத்தினால் அதே வேலை பாதுகாப்பானது. மேலும், பாரம் ஏறியதும் பூம் சற்றே வளைந்து முன்னோக்கிச் சாய்வதால், தரையில் டேப் பிடித்து அளந்த ஆரம், சுமை எழுந்த பிறகு கூடிவிடுகிறது.

அனுபவமுள்ள சில ஆபரேட்டர்கள், பின்பக்க அவுட்ரிகர் லேசாகத் தரையை விட்டு எழுவதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வதுண்டு. எனக்கு இதைவிட அபாயகரமான பழக்கம் வேறெதுவும் தெரியவில்லை. குறுகிய ஆரத்தில் சார்ட்டின் எல்லையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கவிழும் நிலை அன்று, பூம் முதலிய எஃகு உறுப்புகளின் வலிமை. அங்கே அளவு மீறினால் வண்டி சாய்ந்து காட்டாது. எடுத்த எடுப்பிலேயே பூம் மடங்கிவிடும். நீண்ட ஆரத்தில் கவிழும் நிலையே எல்லை என்றாலும், காலே எழுந்துவிட்ட பிறகு மிச்சமென்று எதுவும் இல்லை. அமெரிக்க நடைமுறையில் அவுட்ரிகர் மேல் நிற்கும் கிரேனுக்குக் கவிழ்க்கும் பாரத்தில் 85 விழுக்காடும், டயர் மேல் நிற்கும்போது 75 விழுக்காடும் மட்டுமே சார்ட்டில் அனுமதிக்கப்படுகின்றன. அந்த இடைவெளி கூடுதலாகத் தூக்குவதற்காக விடப்பட்டதன்று.

சார்ட் சொல்வதெல்லாம், உறுதியான சமதரையில் கிரேன் மட்டமாக நிற்கிறது என்ற நிபந்தனையின் பேரில்தான். நெல்லைச் சீமையில் இந்த நிபந்தனையே பெரும் சிக்கல். 40 டன் எடையுள்ள கிரேன் 10 டன்னைத் தூக்கி ஒரு மூலைப் பக்கம் திரும்பும்போது, மொத்த 50 டன்னில் பாதிக்கும் மேல் அந்த ஒரு காலில் இறங்கக்கூடும். 27 டன் இறங்குவதாக வைத்தால், அரை மீட்டர்ச் சதுரப் பாதத்தின் கீழ் அழுத்தம் சதுர மீட்டருக்கு 108 டன். அதன் அடியில் ஒன்றரை மீட்டர்ச் சதுரமுள்ள, வளையாத மரப்பலகை மெத்தையை வைத்தால் அது 12 டன்னாக இறங்குகிறது. மானூர்ப் பக்கத்துக் கரிசல், கோடையில் வெடித்துக் கல்லாகக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் மேலே காய்ந்த தோலும் உள்ளே களியுமாக மாறும். திசையன்விளை, இட்டமொழிப் பக்கத்துத் தேரி மணலோ பாதத்தின் ஓரங்களில் பிதுங்கி வெளியேறும். மூடப்பட்ட பழைய கிணறு, புதிதாக நிரப்பிய குழாய்ப் பள்ளம், குளத்துக் கரை ஆகியவை பார்வைக்குச் சாதாரணத் தரைபோலவே இருக்கும். ஊர்க்காரர் ஒருவரிடம் விசாரிப்பது இங்கே எந்தக் கருவிக்கும் குறைந்ததன்று.

அடுத்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் குவிந்து வருவதால்தான் இங்கே காற்றாலைகள் நிற்கின்றன; அதே காற்றுதான் அவற்றை நிறுத்தும் வேலைக்கு எதிரி. காற்றின் விசை அதன் வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்கிறது: வேகம் வினாடிக்கு 6 மீட்டரிலிருந்து 12 மீட்டரானால் விசை 4 மடங்கு. எடை குறைவாகவும் பரப்பு மிகுதியாகவும் உள்ள காற்றாலை இறக்கை, பாய்மரம்போல் காற்றை வாங்குகிறது. கிரேனின் பின்னாலிருந்து வீசும் காற்று சுமையை வெளியே தள்ளி ஆரத்தைக் கூட்டும். பக்கவாட்டுக் காற்று, பூம் தாங்குவதற்கென வடிவமைக்கப்படாத திசையில் அதை வளைக்கும். தரையைவிட உயரத்தில் வேகம் மிகுதி என்பதால் காற்றுமானி பூமின் உச்சியில் பொருத்தப்படுகிறது.

ஹைட்ராவுக்குத் தனிக் கவனம் தேவை. சுமையைத் தூக்கியபடியே நகரும் இந்த வண்டி, டயர்களை மட்டுமே நம்பி நிற்கிறது. நடுவில் மடங்கித் திரும்பும் வகைகளில், திருப்பம் கூடும்போது பூமின் நுனி கவிழும் கோட்டைத் தாண்டி வெளியே போவதால், நேராக நிற்கையில் தாங்கிய சுமையைத் திரும்புகையில் தாங்காது. மேடுபள்ளம், தொங்கும் சுமையின் ஊசலாட்டம், முன்புறம் மறைந்த பார்வை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. அதனால்தான் பழைய வகை ஹைட்ராக்களைப் பல பெரிய தளங்களில் உள்ளே விடுவதில்லை.

கனரக வாகன உரிமம் வண்டியைச் சாலையில் ஓட்டத் தெரியும் என்பதை மட்டுமே காட்டுகிறது. மேலே சொன்னவற்றில் எதையும் அது சோதிப்பதில்லை. நம் ஊரில் பலர் கிளீனராகச் சேர்ந்து, பார்த்துப் பழகி, ஆபரேட்டர் இருக்கைக்கு வருகிறார்கள். கைப்பழக்கம் அதில் நன்றாகவே வருகிறது. சார்ட் படிப்பது வருவதில்லை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தூக்கும் இயந்திரத்தை 12 மாதங்களுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் முழுமையாக ஆய்வு செய்ய வேண்டுமென விதித்தது. இயக்குபவருக்கான சான்றிதழில் அமெரிக்கா இன்னும் கண்டிப்பாக இருக்கிறது: கட்டுமானக் கிரேன்களை இயக்குவோர் சான்று பெற்றிருக்க வேண்டும் என்ற விதி 2018 நவம்பரில் அங்கே நடைமுறைக்கு வந்தது. 1995இல் தொடங்கப்பட்ட அந்நாட்டுச் சான்றளிப்பு ஆணையத்தின் எழுத்துத் தேர்வில் தளம், இயக்கம், தொழில்நுட்ப அறிவு ஆகியவற்றோடு லோடு சார்ட் தனிப் பகுதியாகவே இடம்பெறுகிறது. செய்முறைத் தேர்வில், தொங்கும் எடையைக் கம்புகளுக்கு இடையிலுள்ள வளைந்த பாதையில் எதிலும் இடிக்காமல் கொண்டுபோய், அதே பாதையில் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சான்று 5 ஆண்டுகளே செல்லும்.

சைகை அறிவும் அந்தத் தேர்வில் உண்டு. ஏற்று, இறக்கு, திருப்பு என்ற சைகைகளை நியமிக்கப்பட்ட சிக்னல்மேன் ஒருவரிடமிருந்து மட்டுமே ஆபரேட்டர் ஏற்க வேண்டும். இதற்கு விலக்கு ஒன்றே ஒன்று: 'நிறுத்து' என்ற சைகையைத் தளத்தில் யார் காட்டினாலும், அவர் டீ கொண்டுவந்த பையனாக இருந்தாலும், உடனே நிறுத்த வேண்டும்.