உப்புத்தாள் தோல்: தேய்த்தால் ஏன் போவதில்லை?

என் மேல்கையின் வெளிப்பக்கத்தை விரலால் தடவினால் உப்புத்தாளைத் தொட்ட மாதிரி இருக்கும். 12 வயதில் ஆரம்பித்தது, இப்போது எவ்வளவோ குறைந்துவிட்டாலும் முழுசாகப் போகவில்லை. சரியாகத் தேய்த்துக் குளிக்காததால்தான் இப்படி என்று யாரோ சொன்னதை நம்பி, வருடக்கணக்கில் நாரால் அழுத்தித் தேய்த்தேன். தேய்த்த அன்று கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், இரண்டே நாளில் பழையபடி சொரசொரப்பு வந்துவிடும், கூடவே ஒவ்வொரு புள்ளியும் சிவந்து, அந்தச் சிவப்பு அடங்கும்போது கறுப்பாகத் தங்கிவிடும்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவரிடம் போனபோது, அவர் மருந்துச் சீட்டை எடுப்பதற்கு முன்னால் விளக்கு வைத்த சின்ன உருப்பெருக்கி ஒன்றை என் கையில் வைத்து, திரையில் என்னையே பார்க்கச் சொன்னார். வெறும் கண்ணுக்கு மணல் போலத் தெரிகிற அந்தப் புடைப்புக்குள் மெல்லிய முடி ஒன்று கடிகாரச் சுருள் மாதிரி வட்டமாகச் சுருண்டு கிடந்தது. அதற்கு மேலே வெள்ளையாக ஒரு மூடி, சுற்றிலும் லேசான சிவப்பு, அவ்வளவுதான். அழுக்கு என்று எதுவுமே அங்கே இல்லை.

இதற்குப் பெயர் கெரட்டோசிஸ் பைலாரிஸ். கொம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் முடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லும் சேர்ந்த பெயர் இது, பெயரிலேயே பாதி விளக்கம் இருக்கிறது. பேச்சில் கோழித்தோல் என்பார்கள். பதின்ம வயதினரில் 50 முதல் 80 சதவீதம் பேருக்கும் பெரியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கும் இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது என்பதுதான் தோல் மருத்துவத்தில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மேல்கை, தொடை, பிட்டம், சிலருக்குக் கன்னம். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. பெரும்பாலும் வலியும் இருக்காது, அரிப்பு இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். புல்லரிக்கும்போது வருகிற புடைப்பைப் போலவே தெரிந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. புல்லரிப்பது முடியோடு ஒட்டிய ஒரு சின்னத் தசை இழுப்பதால், அது விட்டதும் தோல் சமமாகிவிடும். இங்கே மயிர்க்காலின் வாயில் ஒரு கட்டியான அடைப்பு உட்கார்ந்திருக்கிறது.

அந்த அடைப்பு எப்படி உண்டாகிறது என்று புரிய, தோல் தன்னைத் தானே உரித்துக்கொள்ளும் விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் தோலின் மேல்பரப்பில் இருப்பவை உயிரில்லாத தட்டையான செல்கள். நகமும் கொம்பும் எந்தப் புரதத்தால் ஆனவையோ அதே கெரட்டின் வகைப் புரதத்தால் நிரம்பியவை, உடம்பின் பெரும்பகுதியில் சுமார் 15 முதல் 20 அடுக்கு. அடியிலிருந்து புதுச் செல்கள் மேலே வர வர, மேலே இருப்பவை ஒன்றொன்றாக உதிர்கின்றன, ஒரு செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஆனால் உதிர்வது தானாக நடப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துச் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் புரத முடிச்சுகளை நொதிகள் கத்தரித்துவிட வேண்டும், அந்த நொதிகள் வேலை செய்யத் தண்ணீர் வேண்டும். தோல் வறண்டால் கத்தரி ஓடாது, முடிச்சு அவிழாது, உதிர வேண்டிய செல் உதிராமல் நிற்கும்.

மயிர்க்கால் என்பதும் இதே தோல் உள்ளே குழாயாக மடிந்து இறங்கியதுதான், அதன் உட்சுவரிலும் இதே உதிர்வு நடக்கிறது. வெளிப்பரப்பில் உதிராமல் நிற்கும் செல்லுக்கு வெளியேற இடமாவது இருக்கிறது, குழாய்க்குள் நிற்பதற்கு இடமே இல்லை, அதனால் அடுக்கடுக்காகச் சேர்ந்து தக்கை மாதிரி வாயை அடைக்கிறது. மேல்கையில் முளைப்பது பூனைமுடி, அந்தத் தக்கையைத் துளைத்து வெளியே வர அதற்கு வலுவில்லை, உள்ளேயே சுருண்டுவிடுகிறது. நான் திரையில் பார்த்தது இதைத்தான்.

சரி, சிலருக்கு மட்டும் ஏன்? பரம்பரை என்பது முதல் பதில். என் அம்மாவின் கையிலும் இருக்கிறது, அவர் அதை ஒரு நாளும் நோயாக நினைத்ததே இல்லை. இரண்டாவது பதில் ஃபிலாக்ரின் என்ற புரதத்தில் இருக்கிறது. இந்தப் புரதம் தோலின் மேலடுக்கில் சிதைந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகளாக மாறுகிறது, தோலுக்கென்று உடம்பே செய்துகொள்ளும் மாய்ஸ்சரைசர் அது. ஃபிலாக்ரினுக்கான மரபணுவில் பழுது இருந்தால், செதில் செதிலாகத் தோல் உரிகிற இக்தியோசிஸ் வல்காரிஸ் என்ற நிலை வருகிறது என்பது 2006இல் கண்டறியப்பட்டது. அந்த நிலை உள்ளவர்களிடமும், தோல் வறண்டு அரிக்கிற அட்டோபிக் எக்சிமா உள்ளவர்களிடமும் கோழித்தோல் அதிகம். உள்ளங்கையில் ரேகைகள் ஆழமாக, நெருக்கமாக இருப்பதும் இந்த ஃபிலாக்ரின் பழுதின் அடையாளம்.

ஆனால் ஃபிலாக்ரின் மட்டுமே காரணம் என்றும் சொல்ல முடியாது, அந்தப் பழுது இல்லாமலேயே கோழித்தோல் இருப்பவர்கள் ஏராளம். 2015இல் வெளியான ஓர் ஆய்வு, பழுது உள்ளவர்கள் இல்லாதவர்கள் இருவரின் தோலையும் எடுத்துப் பார்த்தபோது, புடைப்பு இருக்கும் மயிர்க்கால்களில் எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லாமல் போயிருப்பதைக் கண்டது. எண்ணெய் இல்லாத குழாயில் முடி வழுக்கிக்கொண்டு வெளியேற முடியாமல் சுருள்கிறது, சுருண்ட முடி சுவரைக் கீறுகிறது, கீறிய இடத்தில் அழற்சி உண்டாகி அங்கே செல்கள் இன்னும் அதிகமாகச் சேர்கின்றன என்பது அவர்கள் முன்வைத்த விளக்கம். அப்படியென்றால் முதலில் வந்தது தக்கையா, சுருண்ட முடியா? இரண்டும் ஒன்றையொன்று தூண்டிவிடும் சுழற்சி என்று எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. முகப்பருவிலிருந்து இது எவ்வளவு வேறுபட்டது என்பதும் இங்கே தெளிவாகும். பருவில் எண்ணெய் கூடுதல், இதில் எண்ணெய் பற்றாக்குறை. அதனால் பருவுக்காக எண்ணெயை வற்ற வைக்கிற சோப்பை எடுத்துக் கையில் போட்டால் நிலைமை மோசமாகத்தான் ஆகும்.

இன்னொரு எதிர்பாராத துப்பு புற்றுநோய் மருந்திலிருந்து வந்தது. மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்காக 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெமுராஃபெனிப், செல்லுக்குள் வளர்ச்சிச் செய்தியைக் கடத்துகிற பிராஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்து. அதைச் சாப்பிட்ட பலருக்குப் புதிதாகக் கோழித்தோல் போன்ற புடைப்புகள் முளைத்தன. மேற்தோல் செல்கள் எப்போது பெருக வேண்டும், எப்போது கெட்டியாக வேண்டும் என்பதை நடத்துகிற செய்திப் பாதைக்கும் இதில் கை இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று.

இப்போது நாருக்கு வருவோம். அழுத்தித் தேய்க்கும்போது தக்கையின் தலை மட்டும் உடைகிறது, அடிப்பகுதி அப்படியே இருக்கிறது. உராய்வில் மயிர்க்காலைச் சுற்றி அழற்சி கூடுகிறது, மேல்தோல் காயப்பட்டு இன்னும் தண்ணீரை இழக்கிறது, காயப்பட்ட தோல் தன்னைக் காத்துக்கொள்ள இன்னும் தடிக்கிறது. மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் உள்ள தோலில் அழற்சி ஏற்பட்ட இடத்தில் நிறமிச் செல்கள் கூடுதலாக மெலனினைக் கொட்டுகின்றன, புடைப்பு அடங்கிய பிறகும் அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் நிற்கும். நகத்தால் பிதுக்குவதும் இதேதான். என் கையில் இன்னும் இருக்கிற தழும்புகளில் பாதி நோய் தந்தது இல்லை, நான் தந்தது, அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வேலை செய்வது வேறு வழி. தோலுக்குத் தண்ணீரைத் திருப்பிக் கொடுப்பது, முடிச்சுகளை மெல்லத் தளர்த்துவது. யூரியா இரண்டையும் செய்யும். 10 சதவீதம் வாக்கில் அது தண்ணீரைப் பிடித்து வைக்கும், 20 சதவீதத்துக்குப் போகும்போது கெரட்டினையே இளக்கத் தொடங்கும், 40 சதவீத யூரியாவைக் கெட்டிப்பட்ட நகத்தை இளக்கவே பயன்படுத்துகிறார்கள் என்றால் அதன் வலுவைப் பாருங்கள். லாக்டிக் அமிலம் செல்களுக்கிடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தும். யூரியாவும் லாக்டிக் அமிலத்தின் உப்பும் ஆரோக்கியமான தோலின் ஈரப்பசைக் கலவையில் இயல்பாகவே இருப்பவை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். சாலிசிலிக் அமிலம் எண்ணெயில் கரைவதால் மயிர்க்காலுக்குள் நன்றாக இறங்கும். 2015இல் வந்த இன்னோர் ஆய்வில் 10 சதவீத லாக்டிக் அமிலத்தையும் 5 சதவீத சாலிசிலிக் அமிலத்தையும் தினம் இரண்டு வேளை மூன்று மாதம் தடவ வைத்துப் பார்த்தார்கள், புடைப்புகள் சராசரியாக முன்னதில் 66 சதவீதமும் பின்னதில் 52 சதவீதமும் குறைந்தன. அதாவது நல்ல பலன் உண்டு, முழுதாக மறைவது இல்லை.

தடவும் நேரமும் முக்கியம். ரொம்பச் சூடில்லாத தண்ணீரில் சீக்கிரம் குளித்துவிட்டு, துண்டால் ஒற்றி, தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தடவினால் அந்த ஈரம் உள்ளேயே தங்கும். முடி மழித்த அன்று தடவாதீர்கள், நான் ஒரு முறை தடவிவிட்டுக் கையை விசிறிக்கொண்டு அரை மணி நேரம் நின்றிருக்கிறேன், அந்த எரிச்சல் மறக்காது. முதல் இரண்டு வாரம் எதுவும் மாறாத மாதிரிதான் இருக்கும். செல்கள் மேலே வந்து உதிரவே ஒரு மாதம் ஆகிறது என்பதால் ஆறு வாரம், எட்டு வாரம் பொறுத்துத்தான் விரலுக்கு வித்தியாசம் தெரியும். நிறுத்தினால் சில வாரங்களில் திரும்ப வரும், ஏனென்றால் தக்கையைச் செய்கிற தோல் மாறவில்லை. மருந்து தோற்றுவிட்டது என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பல் தேய்ப்பதை யாரும் ஒரு மாதக் கோர்ஸாகச் செய்வதில்லையே, இதையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த பிறகு வாரம் இரண்டு மூன்று முறை போதும்.

இதற்கும் மசியாவிட்டால் மருத்துவர் அடாபலீன், ட்ரெட்டினாயின் போன்ற ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை மருந்து) கிரீம் எழுதுவார். எரிச்சலும் உரிதலும் தரக்கூடியவை, கர்ப்பமாக இருப்பவர்கள் தொடக்கூடாது. சாலிசிலிக் அமிலத்தைச் சின்னக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் பூசக்கூடாது, தோல் வழியே ரத்தத்தில் சேரும். அமிலமோ ரெட்டினாய்டோ தடவும் தோல் வெயிலில் சீக்கிரம் கறுக்கும், வெளியே தெரியும் இடத்துக்குச் சன்ஸ்கிரீன் அவசியம். சிவப்பு அதிகமாக இருப்பவர்களுக்கு லேசர் உதவும், ஆனால் சொரசொரப்பு அவ்வளவாகக் குறையாது.

எல்லாப் புடைப்பும் இதுவல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். முழங்கை, முழங்கால் பக்கம் பெரிய பெரிய முட்களாகக் கிளம்பினால் அது சத்துக்குறைவால் வருகிற ஃபிரைனோடெர்மாவாக இருக்கலாம், தேரைத்தோல் என்ற பொருளில் 1933இல் லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர் அது, அதற்கு வைட்டமின் ஏ குறைவு உட்படப் பல காரணங்கள் உண்டு. சீழ் வைத்தால், வலித்தால், திடீரென்று பரவினால், புருவத்து முடி கொட்டினால் கிரீம் வாங்கிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

போன மாதம் 13 வயதான அக்கா மகள் என் கையைத் தடவிவிட்டுத் தன் கையை நீட்டினாள். அரைக்கை சட்டையை அவள் எடுப்பதே இல்லை என்று அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இரண்டு கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், ஒரே இடம், ஒரே புள்ளிகள், அவளுடையது இன்னும் சிவக்கவில்லை, ஒரு தழும்பும் இல்லை. சின்ன உருப்பெருக்கி ஒன்றைக் கொடுத்து அந்தச் சுருண்ட முடியைத் தேடச் சொன்னேன். மூன்றாவது புள்ளியில் கண்டுபிடித்துவிட்டு, "சித்தி, இது உள்ளேயே மாட்டிக்கிட்டு நிக்குது" என்றாள். குளியலறையில் தொங்கிய நாரை அன்றைக்கே எடுத்துப் போட்டாள்.